ஆட்டிசக் குழந்தைகளும் மாற்று மருத்துவமும்: மருந்து தேடுவதில் மார்க்கம் காட்டும் எல்லை

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஅத்.

 

இன்று ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மிம்பரில் அதிகம் பேசப்படாத விஷயம். ஆனால் நம் மஹல்லாவில் பல வீடுகளின் கதவுக்குப் பின்னால் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. கல்யாண வீட்டின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லும் நிலை இது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார். அப்படியென்றால் இந்தப் பள்ளியில் ஜும்ஆவுக்கு உட்கார்ந்திருக்கும் கூட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளையின் தகப்பனார், தாத்தா, மாமா என்று சிலர் இருப்பார்கள். நீங்கள் தனியாக இல்லை என்பதை அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஹஜ்ரத், இதற்கு நாட்டு மருந்து இருக்கிறதாம், யுனானியில் இருக்கிறதாம், கருஞ்சீரகத்தில் இருக்கிறதாம், ஹிஜாமாவில் சரியாகுமாம். மார்க்கம் என்ன சொல்கிறது?" இந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இன்று விரிவாகப் பார்க்கிறோம்.

இது யாருடைய குற்றமும் அல்ல

மருந்துக்குப் போகும் முன் ஒரு பாரத்தை இறக்கி வைக்க வேண்டும். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் குடும்பத்தில் முதலில் நடப்பது விசாரணை. தாதிமா சொல்வார், மருமகள் கர்ப்பமாக இருந்தபோது இதைச் சாப்பிட்டாள், அங்கே போனாள் என்று. நானிமா சொல்வார், மாப்பிள்ளை வீட்டு வழியில் வந்தது என்று. இன்னொருவர், பெற்றோர் செய்த பாவத்தின் பலன் என்பார்.

சகோதரர்களே, ஒருவருடைய சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் நமக்குக் கற்றுத் தரும் அடிப்படை. வாய் பேசாத பச்சைப் பிள்ளையின் மீது பெற்றோரின் பாவத்தை ஏற்றிச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்?

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடந்த விஷயம் அல்ல. 1950, 60களில் மேல்நாட்டு நிபுணர்களே, தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று எழுதினார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். 1977இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு, இதில் பிறவியிலேயே அமையும் மரபுக் கூறுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. மூளையின் வளர்ச்சி வேறு விதமாக அமைவதுதான் ஆட்டிசம். தாயின் வளர்ப்பில் வந்த கோளாறு அல்ல.

அடுத்த பழி தடுப்பூசியின் மீது. 1998இல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதிய டாக்டரின் பெயர் அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை வைத்துப் பார்த்தபோதும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி பரவியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் காது கேளாமை, இருதயக் கோளாறு மட்டுமல்ல, ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று தடுப்பூசியை மறுப்பவர், எதற்குப் பயந்தாரோ அதற்கே கதவைத் திறந்துவிடுகிறார்.

மருந்து தேடுவது சுன்னத்

இப்போது மருத்துவத்துக்கு வருவோம். மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, அல்லாஹ்வின் அடியார்களே மருந்து செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர மற்ற நோய்களுக்கு நிவாரணம் வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள் (அபூதாவூத் 3855). புகாரியில் 5678ஆவது ஹதீஸும் இதே கருத்தைத் தருகிறது. எனவே மருத்துவம் பார்ப்பது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

யாரிடம் போவது? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, ஸகீஃப் குலத்து ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி சொன்னார்கள், அவர் மருத்துவம் அறிந்தவர் என்பதால் (அபூதாவூத் 3875). அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. சொன்னவர் யார்? எவருடைய துஆ ஏற்கப்படுமோ அந்த அல்லாஹ்வின் தூதர். நெஞ்சில் கை வைத்த அதே அமர்வில் வைத்தியரையும் காட்டினார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நாம் மறந்துவிட்ட ஹதீஸ்

மருந்து செய்யச் சொன்ன ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். ஹிஜாமா சென்டர் பலகையிலும், கருஞ்சீரக எண்ணெய்ப் பாட்டிலிலும் அதை அச்சடிக்கிறார்கள். ஆனால் அதே அபூதாவூதில் 4586ஆவது ஹதீஸ் ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பாட்டிலிலும் நான் பார்த்ததில்லை. மருத்துவ அறிவு உள்ளவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால், ஏற்படும் பாதிப்புக்கு அவரே பொறுப்பாளி, ளாமின், என்பது அதன் கருத்து. நஸாயீ, இப்னு மாஜா நூல்களிலும் இது வருகிறது. நம் ஃபுகஹாக்கள் போலி வைத்தியரின் பொறுப்பைப் பேசும்போது இந்த ஹதீஸை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இன்னொரு சம்பவம். ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்த நிலையில் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள் (அபூதாவூத் 336).

கவனியுங்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மார்க்கத்தின் பெயரால், நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஆனாலும் நல்லெண்ணம் அவர்களைக் கண்டனத்தில் இருந்து காப்பாற்றவில்லை. "என் மச்சான் பிள்ளைக்கு இதைக் கொடுத்தோம், சரியாகிவிட்டது" என்று தெருவில் நின்று மருந்து சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த ஹதீஸை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலிம்களாகிய நாங்களும் சேர்த்துத்தான்.

நம் தெருக்களில் கிடைப்பவை

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆட்டிசத்துக்கு என்று நம் பகுதியில் சொல்லப்படுகிறவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, தீங்கில்லாதவை. பிள்ளையின் தலையில் கை வைத்து ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதுங்கள். துஆ செய்யுங்கள். ஸதகா கொடுங்கள். உணவில் தேன், கருஞ்சீரகம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அதில் வரக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் என்ற ஹதீஸ் (புகாரி 5688) ஸஹீஹானது. ஆனால் அதன் சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட வகை நோய்களைப் பற்றியது என்று கத்தாபி (ரஹ்) போன்ற முன்னோடி அறிஞர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். "இதை மட்டும் கொடு, தெரபியை நிறுத்து" என்று யாராவது சொன்னால் அது ஹதீஸ் அல்ல, அவருடைய வியாபாரம்.

இரண்டாவது வகை, பலன் உறுதியாகாதவை. கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தும் பத்தியம். ஒட்டகப்பால் பவுடர். பத்திய முறையைப் பல நாடுகளில் சோதித்தும் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. ஒட்டகப்பாலைப் பற்றி சவூதியில் சிறிய அளவில் ஆய்வு நடந்தது, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆட்டிசப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே நான்கைந்து பதார்த்தங்களைத்தான் சாப்பிடுவார்கள். அதிலும் பாலையும் சப்பாத்தியையும் பறித்துவிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும்? செய்தே ஆக வேண்டும் என்றால் குழந்தை டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாற்று உணவு தெரிந்துகொண்டு செய்யுங்கள். பச்சை ஒட்டகப்பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள், அதன் வழியாக நோய் தொற்றும்.

மூன்றாவது வகை, தீங்கு தருபவை. இதில்தான் நான் அதிகம் நிற்க வேண்டும்.

குஷ்தா, பற்பம், செந்தூரம் என்று உலோகத்தைப் புடம் போட்டுச் செய்யும் மருந்துகள். யுனானியிலும் சித்தாவிலும் முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற கண்ணியமான மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. லேபிள் இல்லாத பொட்டலத்தைப் பற்றிப் பேசுகிறேன். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தது. ஐந்தில் ஒன்று! ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. மூளை வளர்ச்சிக்கு என்று அதையே ஊட்டினால் என்ன ஆகும்? நம் வீட்டுச் சுர்மாவும் இதில் சேரும். இஸ்மித் என்பது வேறு, இன்று கடையில் கிடைக்கும் பல சுர்மாக்கள் ஈயக் கல்லை அரைத்துச் செய்தவை. குழந்தையின் கண்ணில் போட்டது கைக்கு வரும், கையில் இருந்து வாய்க்குப் போகும்.

அடுத்தது, நச்சு எடுக்கும் சிகிச்சை. இது நம் பகுதிக்கென்றே தைத்த சட்டை மாதிரி. "நீங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர். டேனரித் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள். பிள்ளையின் உடம்பில் குரோமியம் ஏறிவிட்டது, எடுத்தால் பேசுவான்." கேட்டவுடன் நம்பத் தோன்றும். காரணம், தண்ணீர் கெட்டது உண்மை. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்ததைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. அந்த உரிமைக்காகப் பேசுவது வேறு. ஆனால் அந்தத் தண்ணீரால்தான் ஆட்டிசம் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை.

அவர்கள் காட்டும் லேப் ரிப்போர்ட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதிப்பார்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கும் எனக்கும்கூட உலோக அளவு கூடித்தான் காட்டும். அந்த மருந்து உலோகத்தை மட்டும் எடுப்பதில்லை, இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், டாக்டரின் கிளினிக்கிலேயே இந்த மருந்து நரம்பில் ஏறும்போது, கால்சியம் குறைந்து இருதயம் நின்று இறந்துபோனான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெற்றோர் பாசத்தோடுதான் அழைத்துப் போனார்கள்.

வெளிநாடுகளில் சிலர் துணி வெளுக்கும் ரசாயனத்தையே ஆட்டிச மருந்து என்று குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இலும் 2019இலும் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. இன்டர்நெட்டில் அது இன்னும் வேறு பெயரில் சுற்றுகிறது.

அடுத்து ஸ்டெம் செல். இது நாட்டு மருந்து அல்ல, ஏசி அறையில் வெள்ளைக் கோட்டோடு நடப்பது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே, சில இரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு இதைச் சிகிச்சையாகக் கொடுப்பது நெறிமுறைக்கு மாறானது என்கிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பல லட்சம் ரூபாய், வீட்டை அடமானம் வைத்துக் கட்டுகிறார்கள்.

ஹிஜாமா சுன்னத்தில் வந்த சிகிச்சை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வலிக்கிறது என்று சொல்லக்கூட வாய் இல்லாத மூன்று வயதுப் பிள்ளையின் முதுகைக் கீறுவதற்கு அது ஆதாரம் ஆகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு வலிப்பும் இருக்கும். வலிப்பு மாத்திரையை "இங்கிலீஷ் மருந்து, நிறுத்துங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிர் போகும் அபாயம் உண்டு.

ஏர்வாடியை மறக்கக் கூடாது

ஜின் பிடித்திருக்கிறது என்று பிள்ளையை அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கட்டி வைப்பது இன்னும் நடக்கிறது. தாயத்து மஸ்அலாவுக்குள் இன்று நான் போகவில்லை. அதில் உங்கள் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், அடிப்பதும் கட்டுவதும் எந்த மத்ஹபிலும் மருத்துவம் அல்ல.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் கருகி இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். குணம் கிடைக்கும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். அவர்களுக்கு இருந்தது மனநோய், நம் பிள்ளைகளுக்கு இருப்பது வளர்ச்சிக் குறைபாடு, இரண்டும் வேறு. ஆனால் புரியாத நிலை எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கட்டிய பழக்கம் ஒன்றுதான். பிறகு அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு ஆனது. அதற்கு "தவா-துஆ" என்றே பெயர். தவா என்றால் மருந்து. 28 உயிர் போவதற்கு முன்பே நமக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

"கொடுத்தோம், முன்னேற்றம் தெரிந்தது"

சிலர் கேட்பார்கள், "ஹஜ்ரத், எங்கள் கண்ணாலேயே பார்த்தோமே, அந்த மருந்து கொடுத்த பிறகுதானே இரண்டு வார்த்தை பேசினான்?"

பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் செக்ரிட்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்டால் ஆட்டிசம் சரியாகிறது என்று பெரிய பேச்சு. ஆயிரக்கணக்கான பெற்றோர் தேடி ஓடினார்கள். 1999இல் சுமார் 60 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் முன்னேற்றம் தெரிந்தது. உப்புத் தண்ணீர் போட்ட பிள்ளையும் "தேறினான்". ஏன்? எந்தப் பிள்ளையும் மாதம் போகப் போகக் கொஞ்சம் வளரும். பெற்றோரின் ஏக்கம் அந்த வளர்ச்சியை மருந்தின் கணக்கில் எழுதிவிடும். பலன் இல்லை என்ற முடிவைச் சொன்ன பிறகும், அந்தப் பெற்றோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதன் மீது விருப்பம் போகவில்லை என்றார்கள். ஆசை அப்படிப்பட்டது. அந்த ஆசையைத்தான் வியாபாரி விற்கிறான். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்ற நபிமொழி (முஸ்லிம்) தானியக் குவியலில் ஈரத்தை மறைத்தவருக்கே சொல்லப்பட்டது. பிள்ளையின் பேச்சை வைத்து மோசடி செய்கிறவருக்கு எப்படி இருக்கும்?

எனவே யார் மருந்து கொடுத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன? இந்த மருந்தில் என்ன இருக்கிறது, எழுதித் தருவீர்களா? இதனால் என்ன கெடுதல் வரலாம்? நடக்கும் தெரபியையும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறீர்களா? முழுவதும் குணமாக்குகிறேன் என்பவரும், எழுதித் தர மறுப்பவரும், மற்றதை நிறுத்தச் சொல்பவரும் ஹதீஸ் சொன்ன அந்தப் பொறுப்பில் மாட்டுகிறவர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் மருந்து எது?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மாத்திரை இன்று எந்த மருத்துவத்திலும் இல்லை. தூக்கம், வலிப்பு, அதிகக் கோபம் போன்ற சேர்ந்து வரும் தொல்லைகளுக்கு மருந்து உண்டு. மற்றபடி பலன் தருவது கற்றுக்கொடுப்பதுதான். பேச்சுப் பயிற்சி, செயல்பாட்டுப் பயிற்சி, சிறப்புக் கல்வி. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதனால்தான் பொட்டலத்துக்குப் பின்னால் போகும் ஆறு மாதமும் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம்.

ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் எதையும் சுட்டிக்காட்டவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றால் "தாமதமாகப் பேசுவான், அவன் மாமாவும் அப்படித்தான்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன. செலவு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் அவர்களுடைய மனநல மையத்தில் "நம்பிக்கை நிலையம்" என்ற குழந்தைகள் பிரிவில் தாயும் தகப்பனும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். சென்னை முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. ஸஅத் (ரலி) அவர்களை ஹாரிஸிடம் அனுப்பிய நபியின் உம்மத் நாம். அறிவு உள்ள இடத்துக்குப் போவதில் கூச்சம் வேண்டாம்.

பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கும். பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒரு வார்த்தை, ஒரு பொருள். தண்ணீர் வேண்டுமா, டம்ளரைக் காட்டி "தண்ணி" என்று சொல்லி, அவன் கை நீட்டும்வரை பொறுத்திருந்து கொடுப்பது. பத்து முறை அல்ல, ஆயிரம் முறை. ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து இதைச் செய்யும் தாயின் சப்ருக்கு அல்லாஹ்விடம் இருக்கும் கூலியை நம்மால் எண்ண முடியாது. தகப்பனும் அதில் பாதியை ஏற்க வேண்டும். மொபைலைக் கையில் கொடுத்து உட்கார வைப்பது நமக்கு ஓய்வு, பிள்ளைக்கு நஷ்டம்.

ஜமாஅத்தின் கடமை

கடைசியாக, பிள்ளை இல்லாத மற்ற நமக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒன்று, பள்ளிவாசல். ஆட்டிசப் பிள்ளை தொழுகையில் சத்தம் போட்டதால் தகப்பனார் ஜும்ஆவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்ற நிலை நம் ஊரில் வரக் கூடாது. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி நபி (ஸல்) அவர்கள் தொழுவித்தார்கள் (புகாரி 516). குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் (புகாரி 707). தொழுகையைச் சுருக்கினார்களே தவிரத் தாயைத் துரத்தவில்லை. திரும்பி முறைக்கும் நாம் எந்த சுன்னத்தைப் பின்பற்றுகிறோம்?

இரண்டு, பணம். வாரத்தில் மூன்று நாள் தெரபி, பஸ் செலவு, கூலி இழப்பு. அல்லாஹ் வசதி தந்த டேனரி, ஷூ கம்பெனி உரிமையாளர்கள் ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, ஜகாத்துக்குத் தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களில் இவர்களையும் தேடிக் கொடுங்கள். மாதாமாதம் கொடுங்கள். பயிற்சி ரமழானில் மட்டும் நடப்பதில்லை.

மூன்று, உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை வாங்குவதை வெட்கம் என்று நினைக்காதீர்கள். தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் அதில் சேரும். பிள்ளைக்கு 18 வயது ஆன பின் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆக முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். நாம் மவுத்தான பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்று அழும் பெற்றோரே, துஆவோடு அந்த மனுவையும் எழுதி வையுங்கள். ஜமாஅத் அலுவலகத்தில் படித்த இளைஞர் இருவர் இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க முன்வந்தால் அது பெரிய ஸதகா.

மதீனாவில் அறிவில் சற்றுக் குறைபாடு உள்ள ஒரு பெண் இருந்தார். உங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார். எந்தத் தெரு வேண்டுமானாலும் சொல், வந்து உன் தேவையைக் கேட்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிறகு வழியோரத்தில் அவருடன் தனியே நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள் (முஸ்லிம் 2326). ஒரு ராஜ்ஜியத்தின் தலைவர், உம்மத்தின் நபி, நேரத்தைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு வேண்டிய முதல் மருந்து அதுதான். அது எந்தக் கடையிலும் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

யா அல்லாஹ்! இந்தப் பிள்ளைகளுக்கு உன் ரஹ்மத்தால் சுகத்தையும் பேச்சையும் நல்வாழ்வையும் தருவாயாக. அவர்களின் தாய் தகப்பனுக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவாயாக. அறிவோடு மருத்துவம் செய்பவர்களின் கையில் பரக்கத் செய்வாயாக. ஏமாற்றுபவர்களின் கையில் இருந்து எங்கள் குழந்தைகளைக் காப்பாயாக. எங்கள் பள்ளிவாசல்களை அவர்களுக்கும் நிம்மதி தரும் இடமாக ஆக்குவாயாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.